நிறைகோல் சார்

"எனக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒண்ணுதான்" என்று சொல்லாத ஆசிரியர் கிடையாது. பெற்றோர் கூட்டத்தில் சொல்வார்கள், பணி ஓய்வு விழாவில் கழுத்து நிறைய மாலையோடு சொல்வார்கள். கேட்பவர்களும் தலையாட்டிவிட்டு காபிக்குப் போய்விடுவார்கள், யாருக்கும் சேதமில்லை. எங்கோ ஒருவர் மட்டும் அதை நிஜமாகவே நம்பி, அதன்படி நடக்கவும் தொடங்கிவிடுகிறார். அவரிடம் மாட்டும் வகுப்பின் கதியே தனி.

எங்கள் பள்ளியில் அவருக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு. சட்டைப் பையில் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு சிவப்புப் பேனாக்கள் இருக்கும். திருத்தும்போது ஒன்று தீர்ந்து வேறு மையில் தொடர்ந்தால், எந்தப் பிள்ளைக்காவது எந்த வகையிலாவது அநியாயம் நடந்துவிடுமோ என்ற பயம். எந்த வகையில் என்று அவருக்கும் தெரியாது. ஆனாலும் பயம் பயம்தான்.

பெயர் வைத்தவர் எங்கள் தமிழய்யா. நன்னூலில் பவணந்தி முனிவர் நல்ல ஆசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்கு உவமை சொல்கிறார். நிறைகோல் என்பது தராசு. ஆகாத ஆசிரியருக்கும் நான்கு வைத்திருக்கிறார்: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. இந்த எட்டையும் தமிழய்யா ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார். யாருக்கு எது என்று எழுதினால் நாளை முதல் நான் வேப்பமரத்தடியில்தான் டிஃபன் பாக்ஸைத் திறக்க வேண்டும். முடத்தெங்கைப் பற்றி மட்டும் சொல்லலாம், ஏனென்றால் அது ஓர் ஆள் இல்லை, ஒரு கட்சி. வேர் ஒரு வீட்டுத் தண்ணீரைக் குடிக்க, வளைந்த மரம் பக்கத்து வீட்டில் காய் போடுமாம். பகலில் வகுப்பில் பொதுவாக ஒரு நடை நடந்துவிட்டு, முக்கியமான கணக்குகளை மாலையில் மாடி டியூஷனில் உதிர்க்கும் மகான்களைப் பவணந்தி அப்போதே பார்த்திருக்கிறார். ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்தக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 28-ஆம் பிரிவில் எழுதி வைத்தது, தென்னை நிமிர்ந்தபாடில்லை.

நிறைகோல் சார் டியூஷன் எடுத்ததே கிடையாது. ஒரு பிள்ளைக்கு எடுத்தால் 52 பிள்ளைக்கும் எடுக்க வேண்டும், 52 பிள்ளைக்கும் எடுத்தால் அது வகுப்பு, வகுப்புக்குத்தான் சம்பளம் வாங்குகிறோமே என்பது அவர் கணக்கு. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மற்றதற்கு வருவோம்.

வருகைப் பதிவேடு அகரவரிசையில் இருப்பதே ஓர் அநீதி என்று ஒரு ஜூன் மாதத்தில் அவருக்கு உதித்தது. கேள்வி கேட்டால் முதலில் எழுந்திருப்பவள் அபிநயா. வெற்றிவேலிடம் வருவதற்குள் மணி அடித்துவிடும். ஆகவே ஒரு நாள் முன்னாலிருந்து, மறுநாள் பின்னாலிருந்து. சில வாரத்தில், நடுவில் இருக்கும் மணிகண்டன்கள் இரண்டு பக்கமும் தப்பிக்கிறார்கள் என்று தெரிந்தது. உடனே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் 52 சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். எடுத்த சீட்டை வெளியே வைத்தால் அந்தப் பையன் அடுத்த சுற்று வரை நிம்மதியாகத் தூங்குவான். எனவே எடுத்ததைத் திரும்பப் போட வேண்டும். போட்டார். ஒரே பையன் பெயர் மூன்று நாள் தொடர்ந்து வந்தது. சார் மகிழ்ந்துபோய் அதை வைத்தே நிகழ்தகவுப் பாடத்தை நடத்தினார். பையனுக்கு நிகழ்தகவு புரியவில்லை, தலையெழுத்து புரிந்தது.

அடுத்து பெஞ்ச். முதல் பெஞ்ச் படிப்பாளி, கடைசி பெஞ்ச் மாப்பிள்ளை என்ற பிரிவினையை ஒழிக்கத் திங்கள்தோறும் ஒரு பெஞ்ச் பின்னால் நகரும் சுழற்சி அட்டவணை போட்டார். சார்ட் பேப்பரில் மூன்று வண்ண ஸ்கெட்ச். ரயில்வே அட்டவணைகூட அவ்வளவு தெளிவாக இருக்காது. நான்காவது வாரம் ஒரே பெஞ்சில் இரண்டு பெண்களின் நோட்டில் ஒரே தப்பு, ஒரே வரியில். 'காப்பி' என்று இருவரையும் நிற்க வைத்தார். யார் யாரைப் பார்த்து எழுதினாள் என்று விசாரிப்பது ஒருதலைப்பட்சமாகிவிடும் அல்லவா? தையல் டீச்சர்தான் விஷயத்தைச் சொன்னார்: "சார், அந்தப் பிள்ளைக்குப் போர்டு தெரியலை. கண்ணாடி பைக்குள்ள இருக்கு, போட வெக்கம். முன்னாடி இருந்தப்ப சமாளிச்சுது. உங்க அட்டவணை அதைப் பின்னாடி தள்ளிருச்சு."

அன்று மதியம் சார் சாப்பிடவில்லை. அவளை நிரந்தரமாக முன்னால் உட்கார வைத்தால் அது சலுகை. வைக்காவிட்டால் பாவம். மறுநாள் காலை வழி கண்டுபிடித்துவிட்டார். ஒருத்திக்கு மட்டும் பார்ப்பதுதானே பாரபட்சம்? போர்டில் பெரிதும் சிறிதுமாக எண்களை எழுதி, 52 பேரையும் கடைசிச் சுவரில் ஒவ்வொருவராக நிற்க வைத்து, ஒரு கண்ணைப் பொத்தி வாசிக்கச் சொன்னார். இன்னும் ஏழு பேருக்குத் தெரியவில்லை. அதில் ஒருவன் வகுப்பின் முதல் மாணவன். அவன் இத்தனை நாளும் போர்டைப் பார்த்து அல்ல, காதால் கேட்டே கணக்குப் போட்டு வந்திருக்கிறான். எட்டுப் பேர் நிரந்தரமாக முன் வரிசைக்கு வந்தார்கள், அட்டவணை செத்தது. கிழிக்க மனம் வராமல் அதைப் பின்பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறார். பின்பக்கத்தில் இப்போது இயற்கணித முற்றொருமைகள்.

இது நடந்த பிறகு பழைய ஆசை இன்னொரு தரம் தலைதூக்கியது. 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படத்தைப் பார்த்துக் கேரளத்தில் சில பள்ளிகள் பெஞ்சுகளைச் சுவரோரம் போட, 2025 ஜூலையில் நம் பக்கமும் 'ப' வடிவ இருக்கைப் பேச்சு அடிபட்டது. சார் ஞாயிற்றுக்கிழமை வந்து தானே பெஞ்சுகளை இழுத்தார். அந்த அறையில் ஒரு 'ப'வுக்குள் பாதிப் பேர்தான் அடங்கினார்கள். மீதிப் பேருக்கு உள்ளே ஒரு குட்டி 'ப'. திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் வெளி 'ப'வுக்குப் பிள்ளைகள் 'கடைசி பெஞ்ச்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் மகன் அதே வகுப்பில் படித்த வருஷம் பள்ளிக்கே சோதனைக் காலம். விடைத்தாளில் பெயர் தெரியக் கூடாதென்று முதல் பக்கத்தை மடித்து ஸ்டேப்ளர் அடித்தார். மகனின் '7' எப்படி வளையும் என்று தெரியாத தகப்பன் உண்டா? தெரிந்துவிட்டதே என்ற குற்ற உணர்வில் கையை இறுக்கினார். அரையாண்டில் பையனுக்கு 71, பொதுத் தேர்வில் 95. வீட்டம்மா இன்று வரை அந்த 24 மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுகிறார். பையன் அப்பாவை வீட்டிலும் 'சார்' என்றே கூப்பிடப் பழகிவிட்டான்.

'மாணவர் நலன்' என்ற சொல் அவர் வாயில் வந்தால் பி.இ.டி. சார் உடனே விசிலைப் பையில் போட்டுக்கொள்வார். அந்தப் பீரியட் போயிற்று என்று அர்த்தம். "பசங்க நல்லதுக்குத்தானே சார்" என்பார். பசங்களைக் கேட்டாரா என்றால், கேட்டார்: "யாருக்கெல்லாம் கணக்கு வேண்டாம்?" அதற்குக் கை தூக்கும் தைரியம் எந்தப் பிள்ளைக்கு வரும்? ஒரு கையும் எழாததை அவர் ஏகமனதான தீர்மானமாகக் குறித்துக்கொண்டார். பையன்களில் பாதிப் பேர் காலையில் கிளம்பி வருவதே அந்த நாற்பது நிமிஷ கபடிக்காகத்தான் என்று யார் அவருக்குச் சொல்வது? நான் சொல்லவில்லை. அடுத்து என் பீரியட் இருந்தது, அதைக் கேட்டுவிடுவாரோ என்ற பயம்.

தாமத விஷயத்திலும் ஒரே சட்டம்தான். மணி அடித்த பிறகு வந்தால், கலெக்டர் பிள்ளையானாலும் பிரார்த்தனை முடியும் வரை கேட்டுக்கு வெளியே. கலெக்டர் பிள்ளை எங்கள் பள்ளிக்கு வந்ததில்லை. வெளியே நிற்பது எப்போதும் மேற்குப் பக்கத்து ஊர்களிலிருந்து இலவச பஸ் பாஸில் வரும் அதே ஐந்தாறு பிள்ளைகள்தான். அவர்கள் ஊருக்குக் காலையில் ஒரே டவுன் பஸ். அது ஒரு நாள் நேரத்துக்கு வரும், ஒரு நாள் 'டிரிப் கட்'. பக்கத்துத் தெருப் பிள்ளை மணிச்சத்தம் கேட்டு எழுந்து ஓடி வந்து உள்ளே நிற்பான். ஆறு மணிக்கு எழுந்தவள் வெளியே நிற்பாள். தமிழய்யா ஒரு நாள் கேட்டருகில் போய், "என்னம்மா, சார் மேல கோவமா?" என்றார். "இல்லீங்கய்யா, சாரு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். பஸ்ஸுதான் ஆளு பாத்து வருது" என்றாள். இதைத் தமிழய்யா நிறைகோல் சாரிடம் அப்படியே ஒப்பித்தார். மறுவாரம் முதல் நிறைகோல் சாரே காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்கிறார். பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து, பஸ்ஸுக்குத்தான் 'லேட்' போடுகிறார், பிள்ளைகளுக்கு இல்லை. டெப்போ மேனேஜருக்கு அந்த நோட்டின் ஜெராக்ஸ் மாதாமாதம் போகிறது.

எச்.எம். மேடத்துக்கும் அவருக்கும் தீராத தகராறு ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புக் கணக்கில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. கூட்டினால் 30, இரண்டு மதிப்பெண் வினா மூன்றைத் தேற்றினால் 36, தேர்ச்சிக்கு 35 போதும். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு இதை மட்டும் தீட்டிவிட்டால் ரிசல்ட் நூறு சதவீதம். "இவ்வளவு போதும் சார், மத்ததை விட்டுடுங்க" என்று மேடம் ஒவ்வொரு டிசம்பரிலும் கெஞ்சுவார். "இயற்கணிதம் உனக்கு இல்லைடான்னு ஒரு பையன் மூஞ்சியப் பாத்து நான் எப்படி மேடம் சொல்றது?" என்பார் இவர். இதற்கு மேடத்திடம் பதில் இல்லை, எனக்கும் இல்லை. தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் மட்டும் எல்லோரிடமும் பதில் இருக்கும்.

இந்த வருஷக் காலாண்டில் ஒரு பையனுக்கு 34. வேறு யாராக இருந்தாலும் பேனாவை ஒரு தட்டுத் தட்டி 35 ஆக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். பையனும் அதைத்தான் எதிர்பார்த்து, "சார், ஒரே ஒரு மார்க் சார்" என்று தலையைச் சொறிந்தான். "இல்லாததைக் குடுக்க முடியாதுடா, இருக்கான்னு தேடிப் பாக்கலாம்" என்று விடைத்தாளை வாங்கினார். அதோடு விட்டாரா? ஒருவன் தாளில் தேடினால் 52 தாளிலும் தேட வேண்டும். விநியோகித்த தாள்களை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், இரண்டு இரவு, ஸ்டெப் ஸ்டெப்பாகத் தேடினார்.

பையனுக்கு விட்டுப்போன ஒரு ஸ்டெப் மார்க் கிடைத்தது: 35. அதே தேடலில் ஒன்பது பேருக்குக் கூட்டல் அதிகமாகப் போயிருந்ததும் தெரிந்தது. 36 வாங்கி வீட்டில் கேசரி வரைக்கும் சாப்பிட்டுவிட்ட ஒருவன் 33-க்கு இறங்கினான். முதல் மாணவி இரண்டாம் இடத்துக்குப் போனாள். வகுப்பின் மொத்தச் சராசரியே குறைந்துவிட்டது என்று சார் போர்டில் போட்டுக் காட்டினார், இரண்டு தசமத் திருத்தமாக.

அரையாண்டுத் தாள் கொடுத்த அன்று நான் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பையன் தன் தாளை வாங்கி மெல்லப் பார்த்தான். வகுப்பே மூச்சுப் பிடித்து அவனைப் பார்த்தது. மீண்டும் 34 போலிருக்கிறது, எழுந்திருக்கப் போனான். இரண்டு மணிகண்டன்களும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து அவனை உட்கார வைத்தார்கள்.

"சார், அவனுக்கு மார்க்கெல்லாம் சரியா இருக்காம் சார்!"