வாலாட்டும் வண்டிகள்

ஐப்பசியில் மேட்டுப் பக்கம் மழை இறங்கினாலே எனக்கு வரும் கடிதங்களில் பாதி சறுக்கலைப் பற்றித்தான். இந்த முறை ஒன்று டொரண்டோவிலிருந்து சறுக்கி வந்திருக்கிறது. தூரத்து விருந்தாளிக்குத்தான் முதல் இலை.

சொந்த ஊர் உத்தமபாளையம், இப்போது டொரண்டோ. கோடையில் ஆசைப்பட்டு மஸ்டாங் வாங்கிவிட்டேன். பின் சக்கரம்தான் தள்ளும். "நவம்பர் வந்தா மார்ச் வரைக்கும் மூடி வை" என்கிறார்கள் நண்பர்கள். மூடி வைக்கவா மாதாமாதம் தவணை கட்டுகிறேன்?

தவணைக்குக் கோடை ஏது, குளிர் ஏது! ஓட்டலாம் தம்பி. ஆனால் வண்டியோடு வந்த டயரில் வேண்டாம். அது கோடை டயராக இருந்தால், வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனதுமே ரப்பர் நேற்றைய கேப்பைக்களி மாதிரி விறைத்துக்கொள்ளும். பனி விழவே வேண்டாம், வெறும் குளிரே போதும். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும். அதன் பட்டனில் மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள் இருக்கும். பனியைக் கவ்விப் பிடிப்பது அவைதான். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நாலு சக்கரத்துக்கும் போட வேண்டும். "தள்ளுறது பின்னாலதானே, ரெண்டு போதும்" என்று நம் ஊர் மூளை கணக்குப் போடும். அந்தக் கணக்குக்கு வண்டி கிளம்பும், திரும்பாது, நிற்காது. ஸ்டீயரிங் முன் சக்கரத்தில் இருக்கிறது, பிரேக்கின் பெரும்பாரத்தையும் முன் சக்கரம்தான் தாங்குகிறது. கிளம்பத் தெரிந்து நிற்கத் தெரியாத வண்டிக்கு எந்த ஊரிலும் மரியாதை கிடையாது.

அகலமான டயர் கோடையில் அழகு. பனியில் அது மேலேறி மிதக்கும், ஒடுங்கிய டயர் கீறிக்கொண்டு தரையைத் தொடும். உங்கள் வண்டிக்கு அனுமதித்த அளவுகளில் ஒடுங்கியதைக் கேளுங்கள். எஞ்சின் முன்னால் இருப்பதால் மஸ்டாங்கின் எடையில் பாதிக்கு மேல் முன்னால்தான், பின்புறம் லேசு. பெட்ரோல் டாங்க்கை நிறைத்தே வைத்திருங்கள். டிக்கியில் இரண்டு மணல் மூட்டை போடுகிறவர்களும் உண்டு. போட்டால் கட்டிப் போடுங்கள். பிரேக் அடிக்கும்போது மூட்டை முன்னால் வந்து உங்களிடம் நலம் விசாரிக்கக் கூடாது.

கிளம்பும்போது ஆக்சிலேட்டரை, தூங்கும் குழந்தையின் பக்கத்திலிருந்து எழுந்திருக்கிற மாதிரி மிதியுங்கள். கியர் வண்டி என்றால் இரண்டாவதிலேயே எடுத்துப் பாருங்கள். சறுக்கலைத் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் எப்போதும் ஓடட்டும். பனிக்குவியலில் சிக்கிச் சக்கரத்தைச் சுற்றவே விடாமல் அது அடம்பிடித்தால் மட்டும், வெளியே வருகிற வரை அணைத்துவிட்டு முன்னும் பின்னுமாக ஆட்டி எடுங்கள்.

குளிர்கால டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்பது ஒன்டாரியோவில் 2016 முதல் விதி. ரசீதைத் தொலைக்காதீர்கள். பக்கத்துக் கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த டயர் சட்டப்படியே கட்டாயம்.

இத்தனைக்கும் பிறகு, முழங்கால் உயரப் பனி கொட்டுகிற அன்று வண்டியை எடுக்காதீர்கள். மஸ்டாங்கின் வயிறு தரையோடு கிடக்கிறது. டயர் பிடித்தாலும் வயிறு மாட்டும். சாலையில் கொட்டுகிற உப்பு வேறு அடிப்பாகத்தைத் தின்னும். அதற்காகவே அங்கே குளிர்காலத்துக்கென்று ஒரு பழைய டப்பா வண்டி வாங்கி வைப்பார்களாம், பெயர் 'வின்டர் பீட்டர்'. நாம் இங்கே பீட்டர் விடுகிறோம், அங்கே பீட்டர் ஓட்டுகிறார்கள்.

கம்பத்து வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனியில் கார் ஓட்டப் பாடம் எடுக்கிறீர்களே, பனியைப் பார்த்திருக்கிறீர்களா? (கம்பம், ஒரு திராட்சை விவசாயி)

மார்கழி விடியலில் உங்கள் பந்தலின் இலைநுனியில் நிற்பதும் பனி. போடிமெட்டில் பத்தடிக்கு முன்னால் போகிற பஸ்ஸை விழுங்குவதும் பனி. ஜனவரியில் மூணாறு புல்வெளியில் வெள்ளையாய் உறைந்து கிடப்பதும் பனி. டொரண்டோவில் கொட்டுவதும் பனி. தமிழில் எல்லாம் ஒரே சொல். மேடேறி இடுக்கிக்குப் போனால் மலையாளிகளும் எல்லாவற்றுக்கும் 'மஞ்ஞு' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்தத் தைரியத்தில்தான் பேசுகிறேன்.

மழையில் போடிமெட்டு ஏறும்போது நண்பரின் புது கார் கொண்டை ஊசி வளைவில் சக்கரம் சுற்றி நின்றுவிட்டது. பின்னால் வந்த பழைய ஜீப் ஹாரன் அடித்துவிட்டு ஏறிப் போனது. புதுசுக்கு இல்லாத தெம்பு பழசுக்கு எப்படி? (போடி, ஏலக்காய்க் கடைக்காரர்)

ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்னால் சாய்கிறது. நண்பரின் கார் முன் சக்கரத்தால் இழுக்கிறது. பாரம் பின்னால் போனதும் இழுக்கிற சக்கரம் லேசாகிப் பிடி நழுவுகிறது. ஜீப் பின் சக்கரத்தால் தள்ளுகிறது. பாரம் வந்து அதே சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. மேடு ஏற ஏற அதற்குப் பிடி கூடும். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்புகளும் இருக்கின்றன, ஆனால் தார்ச்சாலையில் பொதுவாக நாலு சக்கரத்துக்கு மாற்றும் கம்பியைத் தொடமாட்டார்கள். பஸ், லாரி எல்லாமே பின்னால் தள்ளுகிற சாதிதான்.

வளைவின் உள்பக்கத்தை என்றைக்காவது நின்று பார்த்திருக்கிறீர்களா? அங்கேதான் சரிவு அதிகம். டாங்க் நிறைய டீசல் போட்டு வந்த லாரி திரும்பும்போது மூடி ஓரமாய்க் கசிந்த டீசல் அங்கே கிடக்கும். மேலிருந்து வழிந்த செம்மண்ணும் சருகும் அதன்மேல். உள்சக்கரம் அதில் ஏறிச் சும்மா சுற்றும். சாதாரண டிஃபரன்ஷியலோ, சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்தால் அதற்கே ஊட்டிவிடுகிற குணம் உடையது. தரையைப் பிடித்திருக்கிற சக்கரம் பட்டினி கிடக்கும். பழைய ஜீப்காரர்கள் அப்போது கைப்பிரேக்கை லேசாக இழுப்பார்கள். சுற்றுகிற சக்கரம் திணற, மற்றதற்கும் பங்கு வரும். கைப்பிரேக் பின் சக்கரத்தில் இருக்கிற, பின்னால் தள்ளுகிற வண்டிக்குத்தான் இந்த வித்தை.

தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புக்குப் பின்னால் இருக்கிற பாரமும் பிடிமானம்தான். அதற்காகப் பத்துப் பேர் இடத்தில் இருபது பேரை அடைப்பதை நான் பாராட்டுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஜீப்பும் சாயங்காலம் இறங்கியாக வேண்டும்.

இறங்கும்போது என் பழைய வண்டி வாலாட்டுகிறது. நல்லதா கெட்டதா? (கோம்பை)

உங்கள் ஊர் நாய் வாலாட்டினால் நல்லது.

வண்டி வாலாட்டினால் என் கதையைக் கேளுங்கள். அம்பாசடர் வைத்திருந்த காலம். போடிமெட்டிலிருந்து இறங்குகிறேன். முந்தலுக்கு இன்னும் சில வளைவுகள்தான் பாக்கி, மழை அப்போதுதான் தூறத் தொடங்கியிருந்தது. அந்த முதல் தூறல்தான் ஆபத்து. பல நாள் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து சோப்பாகிற நேரம் அது. வளைவுக்குள் போன பிறகு பிரேக்கை மிதித்தேன். ஒரு கணம் எதுவுமில்லை. பிறகு கண்ணாடிக்கு வெளியே மலை பக்கவாட்டில் நகர்ந்தது. வண்டி நின்றபோது நான் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழிருந்து ஏறி வந்த பஸ் டிரைவர் நிறுத்தி, தலையை நீட்டி நிதானமாகக் கேட்டார்: "அண்ணே, போடிக்கா? மேட்டுக்கா?"

பின் டயர் இரண்டும் மொட்டை. முன்னால் தேய்ந்ததைப் பின்னால் போட்டுச் சிக்கனம் பண்ணியவன் நானேதான்.

வால் நழுவினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். அந்தக் கால் பிரேக்குக்குப் போகத் துடிக்கும், விடாதீர்கள். வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். வண்டி நேராகத் தொடங்கிய உடனே ஸ்டீயரிங்கையும் நேராக்குங்கள். தாமதித்தால் வால் மறுபக்கம் வீசும், அது முதல் வீச்சைவிடப் பலமாக இருக்கும். பள்ளத்தைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய பாதையைப் பாருங்கள். கண் போகிற பக்கம்தான் கையும் போகும்.

இன்னொன்று. "கியரில் இறக்கு" என்று பெரியவர்கள் சொல்வது சரி, நியூட்ரலில் விடவே கூடாது. ஆனால் கியரை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். பின்னால் தள்ளுகிற வண்டியில் எஞ்சினின் பிடிப்பு முழுக்கப் பின் சக்கரத்தில்தான் விழும். ஈரத்தில், வளைவின் நடுவே மூன்றிலிருந்து ஒன்றுக்குத் தடாலென்று தட்டிக் கிளட்சை விட்டால், கைப்பிரேக்கை இழுத்ததற்குச் சமம்.

இரண்டு புது டயருக்குத்தான் காசு இருக்கிறது. முன்னாலா, பின்னாலா? (ஆண்டிபட்டி)

பின்னால். எந்தச் சக்கரம் இழுத்தாலும், தள்ளினாலும் பின்னால்தான். முன் சக்கரம் நழுவினால் ஸ்டீயரிங் லேசாகிச் சேதி சொல்லும், வேகத்தைக் குறைக்கலாம். பின் சக்கரம் சேதி சொல்லாது, மேலே உள்ள என் கதையைச் சொல்லும். டயரின் பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடு ஒன்று வைத்திருப்பார்கள். பட்டன் அந்த மேட்டின் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மீதி 1.6 மில்லிமீட்டர்தான், அத்தோடு அந்த டயரின் உத்தியோகம் முடிந்தது. வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் பிறந்தது. பட்டன் பளபளவென்று இருக்கலாம், வயதை மறைக்க முடியாது.

எஞ்சின் நடுவில், உந்துவது பின் சக்கரம்: இப்படிப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் பட்ஜெட்டில் கிடைக்குமா? (தேனி, கல்லூரி மாணவர்)

கிடைக்குமே. மாருதி ஆம்னி. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில், தள்ளுவது பின் சக்கரம், 796 சிசி. நம் சினிமாவில் ஆள் கடத்தவே பிறந்த வண்டி. 2019-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள் என்றாலும் சந்தையில் இன்னும் உலவுகிறது.

எஞ்சின் பின்னாலேயே இருக்க வேண்டும் என்றால் உலகில் இரண்டு பிரபலங்கள்: ஒன்று போர்ஷே 911, மற்றது டாடா நானோ. சிரிக்காதீர்கள். எஞ்சின் பாரம் தள்ளுகிற சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பதால்தான் 911 பனியிலும் பிடித்துக் கிளம்புகிறது. நம் பெட்ரோல் ஆட்டோவும் அதே சித்தாந்தம்தான், ஒரு சக்கரம் குறைவு.

அஜித் ஓட்டியதும் பின்னால் தள்ளும் காரா? (வீரபாண்டி)

ஆமாம். 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி ஓட்டியது போர்ஷே 911. 991 பிரிவில் மூன்றாம் இடம். அங்கே குறுக்கே ஆடு வராது. நம் ரோட்டில் வரும்.

மேகமலை வளைவுகளில் 'ட்ரிஃப்ட்' பண்ணி ரீல்ஸ் எடுக்கப் போகிறேன் என்கிறான் மகன். என்ன சொல்லித் தடுப்பது? (சின்னமனூர், பெயர் வேண்டாம், அவன் படிப்பான்)

படிக்கட்டும். தம்பி, நீ போகிற இடம் 2021 முதல் புலிகள் காப்பகம். வளைவுக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்து பஸ் வரலாம், காட்டுமாடு நிற்கலாம், யானையும் நிற்கலாம். உன் வால் வீச்சைப் பார்த்துவிட்டு யானை லைக் போடாது.

நான் ராணுவத்தில் டிரைவராக இருந்தவன். காஷ்மீரில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டி ஓட்டியிருக்கிறேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதலாமே? (கூடலூர்)

உங்களுக்குத் தெரியாததை நான் என்ன எழுத! மற்றவர்களுக்காக மட்டும்: சங்கிலி முதலில் உந்துகிற சக்கரத்துக்கு, பின்னால் தள்ளுகிற வண்டி என்றால் பின்னால். கட்டிய பிறகு சைக்கிளோடு போட்டி போடுகிற வேகம்தான். பனி முடிந்து தார் தெரிந்த இடத்தில் இறங்கிக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் சங்கிலியும் போகும், டயரும் போகும், ரோடும் போகும். விறைத்த விரலோடு காஷ்மீரில் அதைக் கட்டிய உங்கள் கைக்கு ஒரு கும்பிடு.

மூடுபனியில் குமுளி ஏறும்போது ஹெட்லைட்டை 'டிம்'மில் வைப்பதா, 'பிரைட்'டிலா? (லோயர் கேம்ப்)

டிம். பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் முகத்துக்கே திரும்பும்.

டொரண்டோவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோதே உத்தமபாளையத்திலிருந்து ஒரு கடிதம்: "எம் மகன் உங்ககிட்ட டயரைப் பத்திக் கேட்டானாம். வயசு முப்பத்திரண்டாச்சு. கல்யாணத்தப் பத்தி ஒரு வார்த்தை சேர்த்து எழுதுங்கய்யா."

அம்மா, எழுதிவிடுகிறேன். ஆனால் பெண் பார்க்க அந்த வண்டியில்தான் போக வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பின் சீட்டு உண்டு, உட்காரத்தான் முடியாது. முன்னால் உங்கள் மகனும் அவர் அப்பாவும் உட்கார்ந்த பிறகு, பூவும் பழமும் தட்டோடு நீங்கள் பஸ்ஸில்தான் வர வேண்டியிருக்கும்.