பள்ளம் பார்க்கும் அக்கா

எல்ல ஊர்ப் பக்கம் இப்போது, உடம்பில் ஊசியால் ஜெல் ஏற்றிவிடும் ஒரு ஜெல் அக்கா நடமாடுகிறார். ஒருவர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பண்டாரவளையில் ஒருவர், பதுளையில் இன்னொருவர் என்று ஊருக்கு ஒருவர் இருப்பார். கொழும்புச் சலூனில் மூன்று வருடம் துவாய் மடித்தவர், திரும்பி வரும்போது பாதி டாக்டர்.

நமக்கு ஆள் தெரியும். அக்காவுக்குப் பள்ளம்தான் தெரியும். கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், இடுப்போரத்தில். தேத்தண்ணி ஆறுவதற்குள் நம்மைச் சுற்றிவந்து பார்த்துவிடுவார், சுவருக்குப் புட்டி பூச வந்த மேசன் பாஸ் மாதிரி. 1921இலிருந்து உருக்குக் கம்பியே இல்லாமல் நிற்கிற ஒன்பது வளைவுப் பாலத்தைக் காட்டினேன். அக்கா பார்த்தது ஒன்பது ஓட்டையை.

அந்த ஜெல்லில் இருக்கும் ஹயலூரோனிக் அசிட் என்ற பெயரை மட்டும் தடுமாறாமல் சொல்வார். "ரப்பர் பால் உறைய வக்கிற அசிட்டா?" என்று கேட்டார் மொனராகலை மாமா. "ஐயோ மாமா, இது நம்ம ஒடம்புலயே இருக்கிறது!" அது உண்மைதான். 1934இல் கார்ல் மேயரும் ஜோன் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். பிற்பாடு சேவல் கொண்டையிலிருந்தும் எடுத்தார்கள். இதைக் கேட்டதிலிருந்து மாமா முற்றத்துச் சேவலை அடிப்பதில்லை.

கணக்குத்தான் இடிக்கிறது. ஒரு ஊசியில் 1 மில்லி, அதாவது தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. உதட்டுக்குக் காணும். பின்பக்கத்தைத் தூக்கிக்காட்ட நூற்றுக்கணக்கான மில்லி வேண்டும். உடம்புக்கென்றே மேக்ரோலேன் என்ற ஜெல்லைச் செய்த சுவீடன்காரர்களே, மார்புப் புற்றுநோய் தேடும் எக்ஸ்ரேயை அது குழப்புகிறது என்று மார்புக்குப் போடுவதை 2012இல் நிறுத்திக்கொண்டார்கள். உடம்பை வடிவமைக்க இந்த ஊசி வேண்டாம் என்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. இரத்தக் குழாய்க்குள் இறங்கினால் தோல் செத்துப்போகும்; முகத்தில் என்றால் கண்ணே போகலாம்.

அக்கா அசரமாட்டார். "கரைக்கவும் ஊசி இருக்குங்க." போடவும் காசு, கரைக்கவும் காசு, சும்மா விட்டாலும் நாளடைவில் தானாகக் கரைந்துவிடும் சரக்கு. தேயிலைத் தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாயைத் தொடவே 2021 ஆகிவிட்ட ஊரில் இந்த வியாபாரம்!

"நீங்க போட்டீங்களா அக்கா?"

"எனக்கு ஊசின்னாலே பயம்."

போன ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு வந்தார். நாற்பது வருடம் கொழுந்து எடுத்த எங்கள் அப்பாயி வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, தலைத்துண்டை மெல்ல விலக்கி, கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி விழுந்த பள்ளத்தை விரலால் தடவினார்.

"இத நெரப்பிரலாம் அப்பாயி. ரெண்டே ஊசி."

அப்பாயி வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கேட்டது:

"நெரப்பிட்டா, கயிறு எங்க நிக்கும் புள்ள?"