குச்சியார்

கச்சேரிக்குப் போகிற வேனில் முன் சீட்டு பாடகிக்கு. பின்பக்கம் முழுக்க ஸ்பீக்கருக்கு. மிச்சமிருக்கிற நடு சீட்டில் நாங்கள் ஐந்து பேர் மடியில் மடி வைத்து உட்கார்ந்து திண்டிவனம் வரை போவோம். அந்த நெருக்கடியிலும் ஒரு பைக்குத் தனி இடம் உண்டு. அதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது, சாயக் கூடாது, பஜ்ஜி தின்ற விரலை அது இருக்கிற திசையில் நீட்டவும் கூடாது. அது எங்கள் ரிதம் பேடுக்காரரின் குச்சிப் பை. ஆளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. குழுவில் அது யாருக்கும் நினைவில்லை. குச்சியார் என்றால் திரும்பிப் பார்ப்பார்.

மெல்லிசைக் குழு என்று இருந்தால் இப்படி ஒருவர் இருந்தே தீருவார். தாளம் தப்பினால் மன்னிப்பார், பேமெண்ட் தள்ளிப்போனால் பொறுப்பார். ஆனால் "குச்சிதானே அண்ணே, எதுவா இருந்தா என்ன" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். சோறு தண்ணி இல்லாமல் மூன்று மணி நேரம் பாடம் நடத்துவார். எனக்கு நடந்திருக்கிறது. செங்கல்பட்டில் ஆரம்பித்தார், விழுப்புரம் தாண்டியும் நாங்கள் முனையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். கழுத்துக்கே வரவில்லை.

முதல் பாடம், எண். குச்சியில் 5ஏ, 5பி, 7ஏ, 2பி என்று அச்சடித்திருப்பார்கள். எண் பெரிதானால் குச்சி தடியாகும் என்றுதானே நினைப்போம்? தலைகீழ். 7 மெல்லிசு, 2 தடி. "நம்ம நூல் கவுன்ட் மாதிரிண்ணே. நாற்பதாம் நம்பரை விட எண்பது சன்னமா இருக்கும்ல?" என்றார். திருப்பூரில் மாமனார் வீடு. உதாரணம் அங்கிருந்துதான் வரும். எழுத்துக்கும் அர்த்தம் உண்டாம். ஏ ஆர்கெஸ்ட்ராவுக்கு, பி பேண்டுக்கு, தெருவில் ஊர்வலமாகப் போய் அடிக்கிறவர்களுக்கு எஸ். "அப்போ நமக்கு?" என்று கேட்டேன். எங்கள் கச்சேரியில் பாதி சாமி ஊர்வலம் நின்ற இடத்தில் நடப்பது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்ம பேரு ஆர்கெஸ்ட்ராதானே" என்றார்.

அவருக்குப் பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் க்யூசி வேலை. வெர்னியர் காலிப்பர் சட்டைப்பையிலேயே இருக்கும். மற்றவர்கள் 5ஏ கேட்டு வாங்கிப் போவார்கள். இவர் வாங்குமுன் அளப்பார். விக் ஃபர்த் 5ஏ, 0.565 அங்குலம். வேட்டர் 5ஏ, 0.570. புரோமார்க் 5ஏ, 0.551. "மூணும் 5ஏ. மூணும் பதினாறு அங்குல நீளம். ஆனா மூணும் ஒண்ணில்லை. அரை மில்லிமீட்டர் வித்தியாசம்!" என்று சொல்லும்போது, அளவு 40 என்று போட்ட சட்டை தீபாவளியன்று தொப்பையில் ஏறாதவனின் ஆற்றாமை அவர் முகத்தில் தெரியும். நான் மூன்றையும் கையில் வாங்கிப் பார்த்தேன். மூன்று குச்சிகள் தெரிந்தன.

அவரோடு ஒருமுறையாவது கடைக்குப் போகவேண்டும். அண்ணா சாலையில் 1842-லிருந்து இருக்கிற மியூஸி மியூசிகல் அவருக்குக் கபாலீசுவரர் கோயில் மாதிரி. வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். வாங்க வேண்டியிருந்தால், எந்தக் கடையானாலும் சடங்கு ஒன்றுதான். முதலில் கண்ணாடிக் கவுன்டர்மேல் குச்சியை உருட்டுவார். கோணல் இருந்தால் முனை குதிக்கும், கண்ணாடி டகடகவென்று பேசும். நேராக இருப்பது சத்தமில்லாமல் ஓடும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கவுன்டரில் தட்டிச் சுருதி கேட்பார். மண்பானை வாங்க வந்த பாட்டி சுண்டிப் பார்ப்பாளே, அதே காது சாய்ப்பு. ரேகை பார்ப்பார், மரத்தின் வரி முனையிலிருந்து அடிவரை ஓடவேண்டும், நடுவில் பக்கவாட்டில் இறங்கிவிட்டால் அங்கேதான் ஒருநாள் முறியும் என்பார். கடைசியாக முகர்ந்து பார்ப்பார். அது எதற்கு என்று இன்றுவரை சொல்லவில்லை. இருபது ஜோடியைப் பிரித்து, கலந்து, வேறுவேறாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, "அடுத்த லோடு எப்போ வரும்?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிடுவார். கடைப்பையன் முகத்தை நான் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

இந்த ஜோடிப் பைத்தியத்துக்குக் காரணம் விக் ஃபர்த். பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் நாற்பது வருஷத்துக்கு மேல் டிம்பனி வாசித்தவர். கடையில் கிடைத்த குச்சி எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. தானே செய்யத் தொடங்கி 1963-இல் கம்பெனியே ஆகிவிட்டது. இரண்டு குச்சியை உறைக்குள் போடுமுன் எடை பார்ப்பார்கள், சுருதியும் பார்ப்பார்கள். "நம்மூர்ல பத்துப் பொருத்தம் பார்த்துக் கட்டி வைக்கிறதே ஆறு மாசத்துல கோர்ட்டுக்குப் போகுது. அங்க ரெண்டே பொருத்தம். பிரியறதே இல்லை" என்பார் குச்சியார். 2010-இல் அந்தக் கம்பெனி சில்ஜனோடு சேர்ந்தது. 1623-இல் கான்ஸ்டான்டிநோப்பிளில் சிம்பல் வார்க்கத் தொடங்கிய குடும்பம் அது. அதைச் சொல்லும்போது பெரிய இடத்தில் பெண் கொடுத்த சம்பந்தி மாதிரி நெஞ்சு நிமிரும். 2015-இல் ஃபர்த் காலமானார். அன்று கச்சேரியில் குத்துப்பாட்டுகூட கொஞ்சம் மெதுவாகத்தான் போயிற்று.

மரம் அடுத்தது. ஹிக்கரிதான் பெரும்பாலும். அமெரிக்காவில் கோடரிக்கும் சுத்தியலுக்கும் பிடி போடுகிற மரம். அடியின் அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொண்டு கைக்குக் கொஞ்சமாக விடும். மேப்பிள் லேசு, மெலடிப் பாட்டுக்குச் சுகம், ஆனால் சீக்கிரம் தேயும். ஓக் கனம். ஹூஸ்டனில் தொடங்கிய புரோமார்க் ஜப்பானிய ஓக்கில் குச்சி செய்து பேர் வாங்கியது. மூன்றும் சாகிற விதத்தைக் குச்சியார் சொல்லிக் கேட்கவேண்டும். "ஹிக்கரி சொல்லிட்டுப் போகும்ணே. நார் நாரா உரிஞ்சு, ரெண்டு மாசம் படுத்த படுக்கையா இருந்து போகும். ஓக் அப்படி இல்லை. ராத்திரி நல்லா சாப்பிட்டுப் படுத்தார், காலைல இல்லை."

முனையிலும் சாதிச் சண்டை உண்டு. மர முனையா, நைலான் முனையா? நயாகராவில் ஜோ கலாட்டோ என்ற டிரம்மர் மர முனை தேய்கிற எரிச்சலில் 1958-இல் நைலான் முனையைக் கொண்டுவந்தார். சிம்பலில் பட்டால் பளிச்சென்று கேட்கும், தேயாது. ஆனால் சில சமயம் கழன்று பறக்கும். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. ஒரு ரிசப்ஷனில் அப்படிப் பறந்த முனை, முதல் வரிசையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் கிண்ணத்தில் இறங்கியது. வெள்ளை நிறம், பருப்பளவு. அவர் முந்திரி என்று நினைத்து இரண்டு பாட்டு முடிகிற வரைக்கும் மென்றார்.

டிரம்ஸ் சிவமணி தண்ணீர் கேனைத் தட்டுகிறார், சூட்கேஸைத் தட்டுகிறார், எல்லாம் பேசுகிறதே என்று ஒருமுறை சீண்டினேன். குச்சியார் அசரவில்லை. "அவர் எதைத் தட்டறார்னு நீங்க பார்க்கறீங்க. எதால தட்டறார்னு நான் பார்க்கறேன்."

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். எங்கள் குழுவில் டிரம்ஸ் கிடையாது. வேனில் இடமில்லை, மேடையிலும் இடமில்லை. இருப்பது ஆக்டாபேட். ரோலண்டு கம்பெனி 1985-இல் முதலில் கொண்டுவந்த சமாசாரம். எங்களிடம் இருப்பது அதன் பிந்தைய வடிவம்: எட்டு ரப்பர் சதுரங்கள், தட்டினால் உள்ளே பதிந்திருக்கிற ஓசை வெளியே வரும். ஹிக்கரியால் தட்டினாலும் அதே ஓசைதான், ஓக்கால் தட்டினாலும் அதேதான், சாம்பார்க் கரண்டியால் தட்டினாலும் அதேதான். இதை நான் குச்சியாரிடம் சொன்னதில்லை. ஒருமுறை சொல்லப் பார்த்தேன். "ஓசை சரிண்ணே, கைக்குத் தெரியும்ல" என்றார். அதற்குமேல் பேச எனக்கு மனம் வரவில்லை. என்ன பாட்டு என்பதைப் பாடகர் முடிவு செய்கிறார். எத்தனை மணிவரை என்பதைப் போலீஸ் முடிவு செய்கிறது. எவ்வளவு சத்தம் என்பதை மைக்செட்காரர் முடிவு செய்கிறார். குச்சி ஒன்றுதான் அவர் கேட்டு வாங்குவது.

வீட்டில் என்ன நிலைமை என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார். மார்க்கெட்டுக்கு அனுப்பினால் முருங்கைக்காயைக்கூடத் தராசில் இரண்டிரண்டாக வைத்து ஜோடி பார்க்கிறாராம். "ஏங்க, குழம்புல போடத்தானே" என்றால், "கோணலா இருந்தா உனக்கே மனசு கேட்குமா?" என்கிறாராம். காய்க்காரம்மாவுக்குப் பழகிவிட்டது. "சாம்பாருக்கா சார், கச்சேரிக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொடுக்கிறாள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பையில் இருக்கிறது. ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு வரி. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரியே தலைப்பு: தோற்றம், மறைவு. தோற்றம் என்பது வாங்கிய நாள் அல்ல, முதல் அடி விழுந்த நாள். "5ஏ ஹிக்கரி. தோற்றம்: தை, காதுகுத்து. மறைவு: ஆடி, அம்மன் கோயில். காரணம்: கடைசிப் பாட்டு, ஒன்ஸ்மோர்." அந்தப் பக்கங்களை நான் புரட்டியபோது ஒன்று உறைத்தது. நான்கு வருஷமாக ஒரு மறைவும் இல்லை. தோற்றமும் இல்லை. உறை பிரிக்காமல், பெயரும் விலையும் மட்டும் எழுதிய வரிகள் இறங்கிக்கொண்டே போகின்றன.

அப்புறம்தான் மேடையில் அவர் கையைக் கவனித்தேன். கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய, பெயரில்லாத, வடக்கேயிருந்து மூட்டையில் வரும் நூற்றைம்பது ரூபாய்க் குச்சி. ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் குட்டை.

"என்ன இது?" என்றேன்.

"பின்னே? ஆயிரத்து சொச்சம் கொடுத்து வாங்கினதை ரப்பர்ல போட்டு அடிக்கச் சொல்றீங்களா?"

பீரோவில் பட்டுப்புடவையை வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு நைலக்ஸ் கட்டிப்போன என் பெரியம்மா ஞாபகம் வந்தாள்.

போன வைகாசியில் ஒரு ரிசப்ஷன். நாங்கள் சவுண்டு செக் முடித்தபோது, மாப்பிள்ளை அழைப்புக்கு வாசித்த நாதசுர செட்டு கல்யாண மண்டபத் திண்ணையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தது. தவில்காரருக்கு அறுபது வயதிருக்கும். விரல் கூடுகளைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். குச்சியார் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"ஐயா, உங்க குச்சி என்ன பிராண்டுங்க?"

"பிராண்டா? எங்க கொல்லையில நின்ன பூவரசு தம்பி."

காலிப்பர் வெளியே வந்தது. அளந்தார். திருப்பி அளந்தார். ஒரு இடத்து அளவு இன்னொரு இடத்தில் இல்லை. பதினோரு வருஷமாக அதே குச்சி என்றதும் குச்சியார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பதிலுக்குத் தன் பெருமையைக் காட்டவேண்டுமே. மேடைக்கு அழைத்துப்போய் ஆக்டாபேடைக் காட்டினார். உற்சாகத்தில் வாய் வேறு தவறிவிட்டது. "இதுலயே தவிலும் இருக்குங்க ஐயா. பேட்ச் போட்டு வாங்கினது."

"அப்படியா? எங்க, நம்மளைக் கொஞ்சம் தட்டுங்க பார்ப்போம்."

டேப் சுற்றிய குச்சியால் தட்டினார். பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "யாரோ நல்லாத்தான் வாசிச்சிருக்காரு" என்றார்.

குச்சியார் ஒன்றும் பேசவில்லை. பையைத் திறந்து, உறையோடு இருந்த ஒரு ஹிக்கரி ஜோடியை எடுத்தார். நான்கு வருஷம் கழித்து அந்த உறை கிழிகிற சத்தத்தை நான் கேட்டேன். "இதைக் கொஞ்சம் பாருங்க ஐயா." பெரியவர் ஒன்றை மட்டும் எடுத்தார். இரண்டு எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. வளைத்துப் பார்த்தார், பிறகு கீழே இறங்கிப்போய்த் தவிலை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, கூடு போடாத வெறும் விரலும் இந்தக் குச்சியுமாக ஒரு சின்னத் தீர்மானம் வைத்தார். கையில் காப்பியோடு போன சமையல்காரர் அப்படியே நின்றார். எனக்குக் குச்சியார் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"லேசா இருக்கு. ஆனா நல்ல மரம்" என்று திருப்பிக் கொடுத்தார் பெரியவர். கழுத்துக்குக் கீழே நகத்தளவு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. குச்சியார் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அன்று கச்சேரிக்கும் டேப் குச்சிதான்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு வேன் கிளம்பியது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். குச்சியார் செல்போன் வெளிச்சத்தில் நோட்டைத் திறந்து, தோற்றம் என்ற இடத்தில் தேதியை எழுதினார். பக்கத்தில் ஸ்கேல் இல்லாமல் ஒரு கோடு இழுத்து, வாசித்தவர் என்று புதிதாக ஒரு கட்டம் போட்டார். பேனா அங்கேயே நின்றது. பிறகு எட்டி டிரைவர் தோளைத் தட்டினார்.

"அண்ணே, வண்டியைக் கொஞ்சம் திருப்புங்க. அவர் பேரைக் கேட்காம வந்துட்டேன்."