‘கட்’ அடிக்கும் தமிழ்

கேள்வி: ‘ரன்’ என்ற ஒரே ஆங்கில வினைச்சொல்லுக்கு 645 பொருளாமே! எப்படி சார் மனப்பாடம் பண்ணுவது?
– வாசகர், நூம்பல்

பதில்: பண்ணவே வேண்டாம். எண்ணி வைத்தவர்கள் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள். அது அவர்கள் பிழைப்பு. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’தான் முதலிடம், சுமார் 430 பொருள். பிறகு ‘ரன்’ ஓடிவந்து முந்திவிட்டது.

நீங்களும் ஆளை அசத்தலாம், ‘கட்’டை வைத்து. மழை தூறினால் கரண்ட் கட் ஆகும். பையன் காலேஜைக் கட் அடிப்பான். கேட்டால் போனைக் கட் பண்ணுவான். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோ இடது ஓரத்திலிருந்து வலப்பக்கம் அடிக்கும் கட் தனி ரகம். பின்னால் பைக்கில் வருபவர் அதற்குச் சொல்லும் பொருளை இங்கே அச்சிட முடியாது. சம்பளத்தில் கட் விழுந்தால் நஷ்டம், புரோக்கர் கைக்குப் போனால் கமிஷன்.

ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தில் தனியாகத் திரிந்த இந்த வினைச்சொல், தமிழுக்குள் வந்ததும் ‘பண்ணு’, ‘அடி’, ‘ஆகு’ என்று யாராவது கையைப் பிடித்தால்தான் நடக்கிறது. அதிலும் ஜோடி மாறக்கூடாது: கரண்டைக் ‘கட் அடித்தார்கள்’ என்று சொல்லிப் பாருங்கள், தெருவே சிரிக்கும். இதற்கு இலக்கணப் புத்தகம் கிடையாது. காலேஜைக் கட் அடித்த அந்தப் பையனுக்கு இதில் மட்டும் நூற்றுக்கு நூறு.