நான்கு மூலைப் பாட்டு

1970-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் குவாட்-8 கார்ட்ரிட்ஜைச் சந்தையில் இறக்கியது. கால் அங்குல நாடா, அதில் எட்டுத் தடங்கள். ஸ்டீரியோவுக்கு இரண்டிரண்டாகப் பிரித்தால் நான்கு சுற்று ஓடும். நான்கு ஒலிபெருக்கிப் பெட்டிகளில் ஒலிக்கும் குவாடுக்கு நான்கு நான்காகப் பிரிக்க, இரண்டே சுற்று. ஆகவே அதே ஆல்பத்துக்கு இரட்டிப்பு நீள நாடா. முன்னேற்றம் என்றால் சும்மாவா?

இருந்தாலும் நாடா யோக்கியம். நான்கு ஒலிகளையும் தனித்தனியாகவே வைத்திருந்தது. இசைத்தட்டுக்காரர்களோ எஸ்.க்யூ., க்யூ.எஸ்., சி.டி.-4 என்று ஆளுக்கொரு முறை பிடித்துக்கொண்டு, சம்பந்திச் சண்டை போட்டார்கள்.

மூலைக்கொரு பெட்டி வைத்தபின், வீட்டுக்காரர் நட்டநடுவில் மூலவர்போல் அசையாமல் உட்கார வேண்டும். காபிக்கு எழுந்தால் டிரம்ஸ் காதோரம் வந்துவிடும்.

பத்தாண்டு முடிவதற்குள் கடையைக் கட்டினார்கள். 1982-இல் டால்பி சரவுண்ட் வீட்டுக்கு வந்தபோது, வீடியோ நாடாவின் இரண்டே தடங்களுக்குள் பின்பக்க ஒலியையும் மடித்து வைத்திருந்தார்கள்.