முதுகைக் கேட்டு மெத்தை வாங்குங்கள்

(கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை முதல் மறையூர், மூணாறு, வண்டிப்பெரியார் வரை எல்லையோர வாசகர்கள் அனுப்பிய கேள்விகள். இந்த முறை எல்லாமே படுக்கையைப் பற்றி.)

ஏனுங்க, மெத்தை வாங்கி எட்டு வருசம் ஆச்சு. கடைக்காரர் மாத்தியே ஆகணும்ங்கறார். எங்க மாமியார் இன்னும் பத்து வருசம் உழைக்கும்ங்கறாங்க. யார் பேச்சைக் கேக்கறது?
— இல்லத்தரசி, கோபாலபுரம்

கடைக்காரருக்கு வியாபாரம், மாமியாருக்குச் சிக்கனம். இரண்டும் நியாயம்தான். ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டியது உங்கள் முதுகு. காலையில் எழும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. வாசல் தெளித்து, காபி குடித்து, கொஞ்சம் நடமாடியதும் விட்டுவிடுகிறது என்றால் மெத்தையைச் சந்தேகப்படுங்கள். பொள்ளாச்சியில் அக்கா வீட்டில் படுத்தால் வலியில்லை, வீட்டுக்கு வந்ததும் வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். பகலெல்லாம் வலித்தாலோ, கால் மரத்துப்போனாலோ, அது மெத்தைக் கடை விஷயமல்ல; டாக்டரிடம் போங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். விரிப்பை எடுத்துவிட்டு, கொத்தனார் வைத்திருக்கும் நேரான மட்டப்பலகையை மெத்தையின் குறுக்கே வையுங்கள். நடுவில் ஓர் அங்குலத்துக்கு மேல் இடைவெளி தெரிந்தால் அந்தப் பள்ளம் இனி நிமிராது. நார் மெத்தையாக இருந்தால் தூக்கிப் பாருங்கள். கட்டில் பலகையில் பழுப்புத் தூள் கொட்டியிருந்தால், நாரைப் பிடித்துவைத்திருந்த ரப்பர் பால் செத்துப்போயிற்று என்று அர்த்தம். ஸ்பிரிங் மெத்தை என்றால் புரண்டு படுக்கும்போது அதுவே சத்தம் போட்டுச் சொல்லிவிடும்.

பணத்தை எண்ணுவதற்கு முன் கட்டிலையும் பாருங்கள். பிளைவுட் வளைந்திருந்தால் அதன் மேல் எந்த மெத்தையைப் போட்டாலும் பள்ளம்தான். குற்றவாளி கீழே இருக்க, தண்டனை மேலே இருப்பதற்குப் போகக் கூடாது.

ஏழு முதல் பத்து வருடம் என்பது ஞாபகப்படுத்திக்கொள்ள ஒரு கணக்கு, அவ்வளவுதான். விருந்தாளி அறையில் கிடக்கும் மெத்தை பதினைந்து வருடமும் தாங்கும். நாள் தவறாமல் பிள்ளைகள் குதிக்கும் மெத்தை ஐந்தில் சோர்ந்துவிடும்.

முதுகு வலிக்கு எவ்வளவு கெட்டியா இருக்கோ அவ்வளவு நல்லதுன்னு "ஆர்த்தோ" மெத்தை வாங்கிட்டேன். இப்ப தோளும் வலிக்குது.
— லாரி ஓட்டுநர், மீனாட்சிபுரம்

கெட்டி என்றால் மருந்து என்று இரண்டு தலைமுறையாக நம்மை நம்பவைத்துவிட்டார்கள். ஸ்பெயினில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 313 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கெட்டி மெத்தை, மறு பாதிக்கு நடுத்தர மெத்தை கொடுத்தார்கள். யாருக்கு எது என்று படுத்தவர்களுக்குத் தெரியாது. 90 நாள் கழித்துப் பார்த்தால், நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது. 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது இது. ஆர்த்தோ என்ற பட்டத்தை உறையில் அச்சடித்தது கம்பெனிதான். உங்கள் எலும்பைப் பார்த்து எந்த டாக்டரும் எழுதித் தந்ததில்லை.

உங்கள் தோள்வலியைப் பார்த்தால் ஒருக்களித்துப் படுப்பவர் என்று தெரிகிறது. அப்படிப் படுக்கும்போது தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ளே இறங்கினால்தான் முதுகெலும்பு நேராக நிற்கும். கெட்டிப் பலகையில் அவை இறங்க இடமில்லை. மல்லாந்து படுப்பவருக்கு இடுப்பின் வளைவில் தாங்கல் வேண்டும். குப்புறப் படுப்பவருக்குத்தான் கெட்டி சரி, அவர் வயிறு கீழே தொங்காமல் இருக்க.

புதிதாக வாங்கியதைத் தூக்கிப்போட வேண்டாம். இரண்டு அங்குல லேடெக்ஸ் அல்லது மென்மையான ஃபோம் விரிப்பு ஒன்றை மேலே போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது மெத்தையை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். இரவு முழுக்கப் படுக்கப்போவது கை இல்லையே! செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் தூங்கும் வாகிலேயே ஒரு கால் மணி நேரம் படுங்கள். மல்லாந்து படுத்துக் கையை இடுப்புக்கு அடியில் நுழையுங்கள். காற்றுப் போகிற மாதிரிப் போய் வந்தால் மெத்தை அதிகக் கெட்டி. நுழையவே முடியாவிட்டால் அதிக மென்மை. கொஞ்சம் உராய்ந்து நுழைந்தால் அதுதான் உங்களுடையது. கூச்சம் வேண்டாம், கடையில் அதற்காகத்தான் விரித்து வைத்திருக்கிறார்கள்.

என் கல்யாணத்துக்கு அப்பா போடியில வாங்கிக் குடுத்த இலவம்பஞ்சு மெத்தை. கட்டி கட்டியா ஆயிருச்சு. பசங்க தூக்கிப் போடச் சொல்றாங்க. மனசு வரமாட்டேங்குது.
— ஆசிரியை, மறையூர்

போடாதீர்கள் அம்மா. உங்கள் மனசு சொல்வதுதான் சரி, அதற்குக் காரணமும் இருக்கிறது.

இன்று எல்லோரும் கேட்கும் "எப்போது மாற்றுவது" என்ற கேள்வியே நம் பாட்டி காலத்தில் கிடையாது. அவர்கள் கேட்டது "எப்போது பஞ்சு அடிப்பது" என்று. பங்குனி, சித்திரை வெயிலில் மெத்தையை மொட்டை மாடியிலோ களத்திலோ போட்டுப் புரட்டிப் புரட்டிக் காயவைப்பார்கள். சில வருடத்துக்கு ஒருமுறை வில்லோடு பஞ்சு அடிப்பவர் வருவார். உறையைப் பிரித்து, பஞ்சைக் கொட்டி, வில் நாணில் அடித்து உதிர்த்து, குறைந்ததற்குப் புதுப் பஞ்சு சேர்த்து, புது உறையில் அடைத்துத் தைத்துக் கொடுப்பார். மெத்தை பழையது, படுக்கை புதிது. இந்தச் சலுகை ஃபோமுக்குக் கிடையாது. ஃபோம் அமுங்கினால் அமுங்கினதுதான்.

இலவம்பஞ்சு இழை ஒவ்வொன்றும் உள்ளே கூடான குழல். அந்தக் கூட்டில் காற்று நிறைந்திருக்கும், மேலே மெழுகு மாதிரி ஒரு பூச்சு. அதனால்தான் கனமில்லை, சூடு பிடிக்காது, தண்ணீரும் எளிதில் ஏறாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். பழம் கிடைக்கும் என்று இலவ மரத்தில் காத்திருந்த கிளிக்குத்தான் ஏமாற்றம். பஞ்சுக்குக் காத்திருந்தவர்கள் யாரும் ஏமாந்ததில்லை.

ஒரு குறையும் உண்டு. இழை நொறுங்கக் கூடியது. பல முறை அடித்த பஞ்சு பாதிக்கு மேல் தூளாகிவிடும். பிரித்துப் பாருங்கள். கையில் எடுத்தால் வழுக்கி, மினுமினுத்துப் பறக்கிறதா? அது நல்ல பஞ்சு, மீண்டும் அடைக்கலாம். பொடியாக உதிர்வதை மட்டும் கழித்துவிட்டுப் புதிது சேருங்கள். புதுப் பஞ்சு வாங்கும்போது ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டு அமுக்குங்கள். இலவம்பஞ்சு பிடிவாதமாக மேலே வந்து மிதக்கும். வெட்டுத்துணிக் கழிவை அரைத்துக் கலந்திருந்தால் அது ஊறி இறங்கிவிடும். அடிக்கும் இடத்தில் இழுப்பு நோய் உள்ளவர்கள் நிற்க வேண்டாம். இந்தப் பஞ்சு குபீரென்று தீப்பிடிக்கும், கொசுவர்த்தியை மெத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

உங்கள் ஊரிலிருந்து போடி அப்படியொன்றும் தொலைவில்லை. அந்த வட்டாரத்தில் இன்றும் இலவம்பஞ்சு மெத்தை, தலையணை தைத்துத் தருகிறார்கள். பசங்களையும் கூட்டிப் போங்கள். அடித்து முடித்த மெத்தையில் முதலில் விழப்போவது அவர்கள்தான்.

மெமரி ஃபோம் நல்லதாங்க? கொழிஞ்சாம்பாறையில வீடு, மூணாறுல வேலை. ரெண்டு இடத்துக்கும் ஒண்ணா வாங்கலாம்னு பார்த்தேன்.
— தேயிலைக் கம்பெனி ஊழியர்

ஒன்றாக வாங்காதீர்கள் தம்பி. மெமரி ஃபோம் 1966-ல் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவுக்காக, விமான இருக்கையில் மோதலைத் தாங்குவதற்குச் செய்த பொருள். உடல் சூடு பட்டால் இளகும், குளிர்ந்தால் இறுகும். மார்கழி இரவில் மூணாற்றில் படுத்தால் முதல் அரை மணி நேரம் அது பலகை. கொழிஞ்சாம்பாறையில் மார்ச், ஏப்ரலில் அதே மெத்தை உங்களை உள்ளே இழுத்து, சூட்டையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சன்னல் வழியாக வந்தாலும் உங்கள் முதுகுக்கு வந்து சேராது.

கீழ்நாட்டு வீட்டுக்குக் காற்று ஓடும் மெத்தை வேண்டும்: நார், இலவம்பஞ்சு, துளை போட்ட லேடெக்ஸ், பாக்கெட் ஸ்பிரிங். மூணாற்றுக்குச் சாதாரண நல்ல ஃபோம் போதும். அங்கே எதிரி குளிரைவிட ஈரம். மெத்தையைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள்.

எங்க தோப்புத் தேங்காய் நார்லதான் மெத்தை பண்றாங்களாமே?
— தென்னை விவசாயி, எருத்தேன்பதி

ஆமாங்க, பெருமைப்படுங்கள். மட்டையிலிருந்து உரித்த நாரைக் கயிறாக முறுக்கி, அந்த முறுக்கு நிலைக்கும்படி வைத்திருந்து, பிறகு பிரிப்பார்கள். சுருண்ட முடி மாதிரி நிற்கும் அந்த நார்மேல் ரப்பர் பாலைத் தெளித்து, அடுக்கி, அமுக்கி, சூட்டில் வேகவைத்தால் நார் மெத்தை. தேங்காயும் ரப்பரும் ஒரே மண்ணில் விளைகிற நாடு என்பதால் இந்தத் தொழில் இங்கே ஊன்றியது. ஆலப்புழையில் 1859-லேயே நார்த் தொழிற்சாலை வந்துவிட்டது. டியூரோஃப்ளெக்ஸ் மெத்தைக் கம்பெனி 1963-ல் தொடங்கியதும் அங்கேதான். பொள்ளாச்சி இன்று தமிழ்நாட்டு நார்த் தொழிலின் பெரிய மையம்.

வாங்கும்போது ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். "நார் மெத்தை" என்று விற்கிற சிலவற்றில் நார் இரண்டு அங்குலம், மீதி ஃபோம் துண்டுகளை ஒட்டி அமுக்கியது. அதுவும் மோசமில்லை, ஆனால் விலை அதற்கேற்ற விலையாக இருக்க வேண்டும். நார் மெத்தையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புரட்டி, தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் போடுங்கள். வெயிலில் மணிக்கணக்கில் போடாதீர்கள், ரப்பர் பொடிந்துபோகும். லேடெக்ஸ், ஃபோமுக்கும் அதேதான்: நிழலில் காற்றாடவிட்டால் போதும். வெயில் பஞ்சு மெத்தைக்கு மட்டும்.

அவர் தொண்ணூறு கிலோ, நான் நாப்பத்தெட்டு. ராத்திரி நான் உருண்டு அவர்கிட்டயே போயிடறேன்.
— பெயர் வேண்டாம், சித்தூர்

அன்பு என்று எடுத்துக்கொள்ளலாம், தூக்கமும் வேண்டுமே! 36 அங்குல அகலத்தில் இரண்டு ஒற்றை மெத்தை வாங்கி 72 அங்குலக் கட்டிலில் சேர்த்துப் போடுங்கள். அவருக்குக் கெட்டி, உங்களுக்கு மென்மை. உயரம் மட்டும் ஒன்றாக இருக்கட்டும். மேலே ஒரே விரிப்பு விரித்தால் யாருக்கும் தெரியாது.

பொள்ளாச்சியில வாங்கறதா, பாலக்காட்டுல வாங்கறதா? வரி வித்தியாசம் உண்டா?
— கடை உரிமையாளர், கோபாலபுரம்

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து ஒரு பொருளுக்கு இரண்டு பக்கமும் ஒரே வரி விகிதம். வணிக வரிச் சோதனைச்சாவடியில் மெத்தையை இறக்கிக் காட்டிய காலம் போயிற்று. இப்போது கேட்க வேண்டியது வேறு: வாரண்டிக்குப் பள்ளம் பார்க்க உங்கள் ஊருக்கு ஆள் வருவாரா? எத்தனை அங்குலப் பள்ளத்தை ஒப்புக்கொள்வார்கள்? கறை பட்டால் வாரண்டி செல்லாது என்று பல கம்பெனிகள் எழுதியிருக்கும், அதனால் முதல் நாளே நீர் புகாத உறை போடுங்கள். ஆன்லைனில் "பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள்" என்று பார்த்து வாங்கினால், உங்கள் பின்கோடுக்கு வந்து எடுத்துப் போவார்களா என்று முன்னாலேயே கேளுங்கள். போகும்போது கட்டிலின் உள் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசாரி செய்த கட்டில் 75 அங்குலம் இருக்கும், கடை மெத்தை 78 இருக்கும். அந்த மூன்று அங்குலத்துக்காக மறுபடி அலைய வேண்டும்.

லயத்துல ஒரே அறை. கட்டில் போட இடமில்ல. தரையில போட்ட மெத்தை அடியில கறுப்பா பூஞ்சை பிடிக்குது. குழந்தைக்கு இருமல்.
— தோட்டத் தொழிலாளி, வண்டிப்பெரியார்

அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்து வருத்தப்பட்டேன். ஓர் அறையில் ஒரு குடும்பமே படுத்து எழ வேண்டிய நிலைமை எப்போதோ மாறியிருக்க வேண்டியது. அது மாறும் வரை செய்யக்கூடியதைச் சொல்கிறேன். உடம்புச் சூட்டில் வரும் ஈரம் குளிர்ந்த தரையில் பட்டு மெத்தைக்கு அடியில் தங்கிவிடுகிறது. அதுதான் பூஞ்சை. இடைவெளி விட்டு அடித்த சட்டப்பலகை, இரண்டு அங்குல உயரம் இருந்தாலும் போதும், அதன் மேல் மெத்தை போடுங்கள். காலையில் எழுந்ததும் மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். தடித்த மெத்தை வேண்டாம், மடிக்கும் நான்கு அங்குல மெத்தையே உங்களுக்கு நல்லது. பூஞ்சை உள்ளே இறங்கிவிட்ட மெத்தையைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. மற்ற எல்லாச் செலவுக்கும் முன்னால் அதை மாற்றுங்கள். குழந்தையின் இருமலை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

புது மெத்தை வாங்கினா மூட்டைப்பூச்சி போயிடுமா?
— கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

போகாது, புது மெத்தைக்குக் குடிவரும். கட்டில் மூட்டு, சுவர் விரிசல், சன்னல் சட்டம் மூன்றையும் முதலில் சுத்தம் செய்து மருந்தடியுங்கள், துணிகளைக் கொதிநீரில் அலசுங்கள். பிறகு மெத்தை.

அம்மா ஆறு மாசமா படுக்கையில. எந்த மெத்தை வாங்கட்டும்?
— மகன், பெருமாட்டி

வாங்குவதற்கு முன் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸைப் பாருங்கள். கேரளம் 2008-லேயே வலி தணிப்புப் பராமரிப்புக்கு அரசுக் கொள்கை வகுத்த மாநிலம். வீடு தேடி வருவார்கள், பல இடங்களில் காற்று மெத்தை இரவலாகவும் கிடைக்கும். அதில் காற்றறைகள் மாறி மாறி நிறைந்து வடிவதால் ஒரே இடத்தில் அழுத்தம் நிற்காது. ஆனால் மெத்தை இருக்கிறது என்று விட்டுவிடாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைத் திருப்பிப் படுக்க வையுங்கள். குதிகாலையும் வால் எலும்பையும் தினமும் பாருங்கள். சிவந்து, அழுத்தினால் வெளுக்காமல் இருந்தால் அன்றே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

பழைய ஃபோம் மெத்தையை எரிச்சிடலாமா?
— வாசகர், வேலந்தாவளம்

வேண்டவே வேண்டாம். ஃபோம் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும், கார்பன் மோனாக்சைடும் வரும். இரண்டும் ஆளைக் கொல்லும் வாயு. வாய்க்காலிலும் தள்ளாதீர்கள், கீழே மதகில் போய் அடைக்கும். கேரளப் பக்கம் வீடு வீடாகக் கழிவு எடுக்கும் ஹரித கர்ம சேனைக்காரர்களிடம் எப்போது எடுப்பார்கள் என்று கேட்டு, கட்டணம் கொடுத்து ஒப்படையுங்கள். நார் மெத்தை என்றால் துணியையும் ஃபோமையும் பிரித்துவிட்டு, நார்ப் பாளத்தை வெட்டித் தென்னைக்கு வட்டப்பாத்தியில் மூடாக்காகப் போடலாம்.