புல்லட்டின் அண்ணா

எடிசனில் ஒருவர் இருக்கிறார். ஃபிரிஸ்கோவில் ஒருவர், ஃப்ரீமான்டில் ஒருவர். அமெரிக்காவில் நூறு தமிழ்க் குடும்பங்கள் ஒரு வட்டாரத்தில் சேர்ந்தால் போதும், ஒரு இட்லி மாவு அக்காவும் ஒரு பரதநாட்டிய டீச்சரும் ஒரு புல்லட்டின் அண்ணாவும் தானாக முளைத்துவிடுவார்கள். முதல் இருவரும் காசு வாங்குவார்கள். அண்ணா வாங்கமாட்டார். ஆரம்பித்தால் நிறுத்தவும் மாட்டார்.

அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் ‘விசா புல்லட்டின்’ என்று ஒன்றை வெளியிடுகிறது. கிரீன் கார்டு வரிசையில் எந்தத் தேதிக்கு முன்னால் இடம் பிடித்தவர்களுக்கு இந்த மாதம் அழைப்பு என்று சொல்லும் அட்டவணை. ஊரார் அது வெளியான பிறகு படிக்கிறார்கள். அண்ணா அவ்வளவு பொறுமைசாலி இல்லை. அடுத்த மாதப் பக்கத்தின் இணைய முகவரி எப்படி இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். மாதத்தின் பெயரை மட்டும் மாற்றித் தட்டிக்கொண்டே இருந்து, துறை அதை முகப்பில் போடுவதற்கு முன்பே உள்ளே நுழைந்துவிடுவார். ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால் அந்த வாரம் அதுதான் நடக்கிறது.

பொங்கல் விழாவில் ஆளை அறிமுகப்படுத்தும்போது பெயர், ஊர் எல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம்; வரிசையில் இடம் பிடித்த தேதியும் ‘ஈபி’ என்ற வேலைவழிப் பிரிவின் எண்ணும்தான் முக்கியம். “இவரு 2012 நவம்பர், ஈபி டூ. கொடுத்துவச்ச மனுஷன்.” பக்கத்தில் நிற்கும் இளைஞன் பக்கம் திரும்புவார். “தம்பி 2019.” அதற்குமேல் அவருக்கே பேச்சு வராது. தோளில் கை வைத்து, “சாப்பிட்டியாப்பா?” என்பார்.

கணக்கு இதுதான். வேலை வழியாக வருடத்துக்குச் சுமார் 1,40,000 கார்டு. மனைவி மக்களும் அதற்குள்ளேயே அடக்கம். எந்த நாட்டுக்கும் 7 சதவீதம்தான் உச்சவரம்பு; 1990-ல் போட்ட சட்டம். “இந்தியாவுக்கும் ஏழு, ஐஸ்லாந்துக்கும் ஏழு” என்று சொல்லும்போது, ஐஸ்லாந்துக்காரன் எவனோ தன் பந்தியில் உட்கார்ந்துவிட்டதுபோல அண்ணா நாலாபக்கமும் பார்ப்பார். இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று இங்கே பார்ப்பதில்லை, பிறந்த மண் எது என்றுதான் பார்க்கிறார்கள். கட்டிய மனைவி வேறு நாட்டில் பிறந்திருந்தால், கணவன் அவளுடைய நாட்டு வரிசைக்கே மாறிக்கொள்ளலாம்.

அண்ணா கல்யாணத் தரகர் ஆனது இந்த விதியால்தான். 2019 தம்பி ஒருநாள் ஊரிலிருந்து அம்மா அனுப்பிய வரன்களைக் காட்டினான்.

“பொண்ணு எங்க பொறந்தது?”

“திருச்சி, அண்ணா. எம்.எஸ்ஸி., பாட்டெல்லாம் பாடும்.”

“அடுத்தது?”

“இது மஸ்கட். அவங்கப்பா அங்க வேலையில இருந்தப்போ...”

அண்ணா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். “மஸ்கட்டா! முடிச்சுடுப்பா.”

“நட்சத்திரம் பொருந்தலைன்னு அம்மா சொல்றாங்க.”

“நட்சத்திரம் கிடக்கட்டும்டா. ஓமன் பொருந்துதுல்ல?”

இதில் அவருக்குச் சொந்த சோகமும் உண்டு. அவருடைய மாமனார் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். மாமியாரும் அங்கேதான் இருந்தார். ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஏழாம் மாதம் கும்பகோணத்துக்கு அழைத்துவந்துவிட்டார்கள். அந்த ஒரு வளைகாப்பினால் அண்ணாவின் கார்டு போயிற்று. மாமியாரோடு அவர் இன்றும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஏன் என்று அந்த அம்மாளுக்கு இதுவரை விளங்கவில்லை.

வக்கீல்கள் என்றால் இளக்காரம். “நான் லாயர் இல்ல, ஆனா...” என்றுதான் ஆரம்பிப்பார், அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு முக்கால் மணி நேரம். “லாயருக்கு ஆயிரம் கேஸு. எனக்கு ஒண்ணே ஒண்ணு. யாருக்கு நல்லாத் தெரியும்?” கேட்டால் நியாயமாகத்தான் படும்.

வெளியுறவுத் துறையில் பல ஆண்டுகள் இந்தத் தேதிகளைத் தீர்மானித்துவந்தவர் சார்லஸ் ஓப்பன்ஹைம். அண்ணாவுக்கு அவர் ‘சார்லி’. “சார்லி இந்த மாசம் நமக்கு ஏதாவது செய்வான்” என்று சொல்லும்போது அந்த அதிகாரி மேட்டுப்பாளையத்துச் சித்தப்பா மகனோ என்று சந்தேகம் வரும். 2021 இறுதியில் ஓப்பன்ஹைம் ஓய்வு பெற்ற செய்தி வந்த அன்று அண்ணா வீட்டில் சாம்பார் அப்படியே மிஞ்சியது.

அவர் ஓயாமல் சொல்லும் வீர வரலாறு 2007 ஜூலை. அநேகமாக எல்லாப் பிரிவினரும் ஜூலையில் மனு போடலாம் என்று அறிவித்தார்கள். ஜனங்கள் அலறியடித்து மருத்துவப் பரிசோதனை செய்து, தாள்களைக் கட்டி அனுப்பினால், ஜூலை 2 அன்று ‘இல்லை’ என்று கையை விரித்தார்கள். அப்போது, எதிராளிக்குப் பூ அனுப்பியே மனம் மாற்றும் ‘லகே ரஹோ முன்னாபாய்’ படம் பார்த்த சூட்டோடு இருந்த நம்மவர்கள், குடிவரவுத் துறை இயக்குநர் எமிலியோ கொன்சாலஸுக்குப் பூங்கொத்துகளாக அனுப்பித் தள்ளினார்கள். அவர் அவற்றை வால்டர் ரீட் மருத்துவமனையில் இருந்த காயமுற்ற வீரர்களுக்குத் திருப்பிவிட்டார். ஜூலை 17-ல் அரசு இறங்கிவந்தது. ஆகஸ்ட் 17 வரை மனு வாங்கினார்கள். இதை அண்ணா சொல்லிக் கேட்டால் முதல் பூங்கொத்து அவர் கையால் போனது என்றே நம்பிவிடுவீர்கள். அந்த ஜூலையில் அவர் பீளமேட்டில் டெஸ்டிங் வேலையில் இருந்தார்.

ஜோசியம்தான் கொஞ்சம் சறுக்கும். 2020 அக்டோபரில் மூன்றாம் பிரிவின் மனுத் தேதி 2015-க்குத் தாவியது. “எல்லாரும் ஈபி த்ரீக்கு மாறுங்க!” என்று அண்ணா ஆணையிட்டார், எடிசனே இறங்கிப் போயிற்று. பிறகு இரண்டாம் பிரிவு முந்திக்கொண்டு ஓடியது. “மறுபடி டூவுக்கு வந்துடுங்க!” ஏறி வந்தார்கள். 2022 அக்டோபரில் இரண்டாம் பிரிவு 2012-க்குச் சரிந்தது. அண்ணா அசரவில்லை. “அப்பவே சொன்னேனே, இது ரெட்ரோக்ரெஸ் ஆகும்னு” என்றார். எப்போது சொன்னார் என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. எச்-1பி வேலை விசா மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று வெள்ளை மாளிகை அறிவித்த ராத்திரி அண்ணாவின் போன் சார்ஜரோடு ஒட்டியே இருந்தது. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களும் கட்ட வேண்டுமோ என்ற பயத்தில், மயிலாப்பூரில் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தவனைப் பந்தியிலிருந்து எழுப்பி மீனம்பாக்கத்துக்கு விரட்டினார். மறுநாள், புதிய மனுக்களுக்கு மட்டும்தான் என்று விளக்கம் வந்தது. அதற்குள் அவன் தோஹாவில் இறங்கியிருந்தான். “சேஃப்டி முக்கியம்” என்றார் அண்ணா.

அண்ணாவின் சொந்தத் தேதி 2014 செப்டம்பர், ஈபி டூ. 2025 கோடை முழுக்க அட்டவணை 2013 ஜனவரி 1-லேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. மகன் கோவையில் பிறந்தவன். 21 ஆவதற்குள் தேதி வராவிட்டால் அப்பாவின் விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடுவான். கைக்குழந்தையாக வந்து இங்கேயே வளர்ந்தவன், கல்லூரியில் வெளிநாட்டு மாணவனாக நிற்க வேண்டும். அந்தப் பேச்சு வந்தால் மட்டும் அண்ணா எழுந்துபோய்க் காபி போடுவார்.

மகள் இங்கே பிறந்தவள், அன்றைக்கே குடிமகள். அவளுக்கு 21 ஆனால் பெற்றோருக்கு அவளே ஐ-130 என்ற மனுவைப் போடலாம். அதற்கு உச்சவரம்பும் இல்லை, வரிசையும் இல்லை. அண்ணாவின் எக்செல் ஷீட்டில் இப்போது இரண்டு பத்தி: புல்லட்டின் நகர்வு ஒன்று, மகளின் வயது மற்றொன்று. இரண்டாவதுதான் தவறாமல் முன்னேறுகிறது. அவளுக்குப் பதினாலு வயது. அந்த ஷீட்டை அவளும் பார்த்துவிட்டாள்.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் கேட்டாள். “அப்பா, ஐ-130 ஃபார்ம்ல யாரு சைன் பண்ணணும்?”

“நீதாம்மா.”

“அப்ப அந்த நாய்க்குட்டி விஷயம்...”

வீட்டுக்குள் நாய் வரக் கூடாது என்று பத்து வருஷமாக ஒற்றைக்காலில் நின்றவர் அண்ணா. ரசத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

“என்ன கலர்ல வேணும்மா?”